464 பேரிங், ஒரு கருவி: எதை வாங்குவது, எங்கே வைப்பது?

போன வாரம் தம்பி மகன் வீட்டுக்கு வந்திருந்தான். எண்ணூர் பக்கம் ஒரு நிறுவனத்தின் ரயில்வே சைடிங்கில், அதாவது சரக்கு ஏற்றி இறக்க மெயின் லைனில் இருந்து பிரியும் சொந்தக் கிளைத் தடத்தில், பொறியாளராக இருக்கிறான். துறைமுகத்தில் இறங்கும் நிலக்கரியை வேகனில் ஏற்றி, முந்நூறு சொச்சம் கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஆலைக்கு அனுப்புகிறார்கள். 2018-இல் ரயில்வே கொண்டுவந்த தனியார் வேகன் முதலீட்டுத் திட்டத்தில் சொந்தமாக ஒரு ரேக்கும், அதாவது ஒரு வண்டிக்கு வேண்டிய முழு வேகன் வரிசையும், வாங்கியிருக்கிறார்கள். "பெரியப்பா, பேரிங் சூடாவதைக் கண்டுபிடிக்க இந்த வருஷம் பணம் ஒதுக்கியிருக்காங்க. நாலு பேர் நாலு விதமான சாமான் காட்டுறாங்க. எதை வாங்கலாம்?" என்று கேட்டான்.

முப்பது வருடத்துக்கு மேல் வேகன் பரிசோதனையில் இருந்தவன் நான். எனக்கு முன்னால் நைனாவும் அதே வேலைதான். அவனுக்கு வாயால் சொன்னதையே கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன். சைடிங் வைத்திருப்பவர்களுக்கும், பெட்டிகளையும் வேகன்களையும் பராமரிக்கும் கேரேஜ் அண்ட் வேகன் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கும் இது உதவும்.

முதலில் கணக்கு. ஒரு நிலக்கரி ரேக்கில் 58 வேகன். வேகனுக்கு நாலு அச்சு, அச்சின் முனையைத் தாங்கிச் சுழலவிடும் பேரிங் அச்சுக்கு இரண்டு. ஆக 464 பேரிங். இதில் 463 நன்றாக இருந்து ஒன்று மட்டும் கெட்டாலும் போதும். உருளைகள் சிக்கி, கிரீஸ் எரிந்து, அச்சின் முனை பழுக்கக் காய்ந்து முறிந்துவிடும். முறிந்தால் வேகன் தடம் புரளும். நாங்கள் இதை ஹாட் ஆக்சில் என்போம். யார்டில் அந்த வார்த்தை காதில் விழுந்தால் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு ஓடுவோம்.

நைனா காலத்தில் பேரிங் என்றால் உருளை கிடையாது. பித்தளைக் கட்டையின் உட்புறம் வெள்ளை உலோகம் பூசி அச்சின் மேல் உட்கார்த்தியிருப்பார்கள். கீழே பெட்டியில் எண்ணெயில் ஊறிய பஞ்சு வேஸ்ட். எண்ணெய் வற்றினால் சூடு, சூடேறினால் புகை. ராயபுரம் பக்கம் வேலை முடிந்து வரும்போது அவர் சட்டையில் அந்த எண்ணெய் வாசனைதான் இருக்கும். மூடியைத் திறந்து பார்த்து எண்ணெய் ஊற்றுவதே பாதி வேலை. இப்போதைய நிலக்கரி வேகனில் இருப்பது மூடி முத்திரையிட்ட டேப்பர் ரோலர் பேரிங். திறக்க வேண்டாம், எண்ணெய் ஊற்ற வேண்டாம். அதனால் கெடுவது வெகுவாகக் குறைந்துவிட்டது. ஆனால் ஒரு வித்தியாசத்தை மனதில் வையுங்கள். பழைய பெட்டி புகைந்து, நாறி, ஊரைக் கூட்டிவிட்டுத்தான் கெடும். புதிய பேரிங் வெகுநாள் அமைதியாக இருந்துவிட்டு, கடைசியில் சில நிமிடங்களில் கதையை முடித்துவிடும். நாலு கருவிகளையும் ஒப்பிடும்போது நான் முதலில் கேட்கும் கேள்வி இதுதான்: கெடத் தொடங்கிய நாளிலிருந்து முறியும் நிமிடம் வரை உள்ள காலத்தில், இந்தக் கருவி எந்த இடத்தில் கண் விழிக்கிறது?

பேரிங் ஏன் கெடுகிறது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். சுமை தாங்கித் தாங்கி உருளை ஓடும் தடத்தில் செதில் செதிலாக உலோகம் பெயரும். சீல் கிழிந்து தண்ணீர் உள்ளே போகும். முனையில் உள்ள போல்ட் தளர்ந்து பேரிங் அச்சின் மேல் வழுக்கும். இன்னொன்று, வேகனின் உடம்பில் வெல்டிங் வைக்கும்போது எர்த் கம்பியைப் பக்கத்திலேயே கவ்வவிடாமல் தண்டவாளத்தில் மாட்டுவார்கள். மின்சாரம் பேரிங் வழியாகப் பாய்ந்து உருளையில் புள்ளி புள்ளியாகப் பொத்துவிடும். வெளியே ஒன்றும் தெரியாது. பல மாதம் கழித்து எங்கோ ஒரு ஸ்டேஷனில் புகை வரும். சைடிங்கில் டோர் வெல்டிங் செய்யும் ஆட்களிடம் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள் என்று தம்பி மகனிடம் கையைப் பிடித்துச் சொன்னேன்.

வடசென்னைக்கு இதில் சொந்தக் கஷ்டம் ஒன்று உண்டு. எண்ணூர், அத்திப்பட்டுப் பக்கம் உப்புக் காற்று, அதோடு நிலக்கரித் தூள். மழைக்காலத்தில் வெள்ளம் வேறு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பேசின் பிரிட்ஜுக்கும் வியாசர்பாடிக்கும் நடுவே உள்ள பாலத்தில் தண்ணீர் அபாய அளவைத் தாண்டி ரயில்கள் நின்றதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். பேரிங் மட்டத்துக்குத் தண்ணீரில் நின்ற வேகனை, வெயிலில் காயவைத்து ஓட்டிவிடக் கூடாது. அந்தச் சக்கரத்தைக் கழற்றி ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்பி, பேரிங்கைத் திறந்து பார்க்க வேண்டும். இதற்கு எந்தக் கருவியும் மாற்று கிடையாது.

சரி, நாலு வழிகளுக்கு வருவோம்.

முதல் வழி, மனிதர். ரயில் யார்டுக்குள் நுழையும்போது இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று பார்ப்பார்கள். இதற்கு ரோலிங் இன் என்று பெயர். கண், காது, மூக்கு மூன்றும் வேலை செய்யும். கிரீஸ் தெறித்துச் சக்கரத்தட்டில் விசிறியடித்திருக்கிறதா, பெயின்ட் கொப்பளித்திருக்கிறதா, கீச்சென்று சத்தம் வருகிறதா, தீய்ந்த கிரீஸ் வாசனை அடிக்கிறதா என்று பார்ப்போம். ரயில் நின்றதும் ஒவ்வொரு பேரிங்கையும் தொட்டுப் பார்ப்போம். உள்ளங்கை காய்த்துப்போயிருக்கும் என்பதால் புறங்கையால் தொடச் சொல்லிக் கொடுத்தார்கள். ஐம்பது டிகிரி வரை கொஞ்ச நேரம் வைக்கலாம், அறுபதைத் தாண்டினால் கை தானாக விலகும். இப்போது அதற்குப் பதிலாக டெம்பரேச்சர் கன் வந்துவிட்டது. சில ஆயிரம் ரூபாய்தான்.

இதன் பலவீனத்தையும் கணக்காகவே சொல்கிறேன். 600 மீட்டருக்கு மேல் நீளமுள்ள ரேக் 15 கிலோமீட்டர் வேகத்தில் உள்ளே வந்தால், சுமார் இரண்டரை நிமிடத்தில் கடந்துவிடும். ஒரு பக்கத்து ஆள் பார்க்க வேண்டியது 232 பேரிங். ஒன்றுக்கு அரை நொடியை விடக் கொஞ்சம் அதிகம். நின்ற பிறகு கன் வைத்துப் பார்த்தாலும், ஒன்றுக்குப் பத்து நொடி என்றால் ஒரு பக்கத்துக்கு நாற்பது நிமிடம் ஆகும். கடைசி வேகனுக்குப் போய்ச் சேரும்போது அது ஆறத் தொடங்கியிருக்கும்.

என் சர்வீஸில் ஒரு ராத்திரியை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. மழை பெய்துகொண்டிருந்தது. எதிர்ப்பக்கம் நிற்க வேண்டியவர் வரவில்லை. நான் ஒரு பக்கம் மட்டும் பார்த்தேன். என் பக்கம் எல்லாம் சரி. எதிர்ப்பக்கத்தையும் பார்க்காமல் அனுப்பக் கூடாது என்று நான் அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. வண்டி புறப்பட்டுப் போய்விட்டது. நாலைந்து ஸ்டேஷன் தாண்டி ஒரு கேட் கீப்பர் பொறி பறப்பதைப் பார்த்துச் சிவப்பு விளக்கைக் காட்டி நிறுத்தினார். அச்சு முனை நீலம் பாய்ந்திருந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அந்த மனிதரை நான் நேரில் பார்த்ததில்லை. ஆனால் இன்றைக்கும் கொருக்குப்பேட்டையில் கேட் மூடியிருந்து காத்து நிற்கும்போது, ஜனங்கள் சலித்துக்கொண்டாலும், நான் கேட் அறையைத்தான் பார்ப்பேன். ஓடும் வண்டியைப் பார்ப்பது கேட் கீப்பருக்கும் ஸ்டேஷன் ஊழியருக்கும் கடமை. கேட்டுகளை எடுத்துவிட்டு மேம்பாலமும் சுரங்கப்பாதையும் கட்டுவது ஜனங்களுக்கு நல்லது, சந்தேகமில்லை. ஆனால் பாதையில் இருந்த கண்கள் அந்த அளவுக்குக் குறைகின்றன. அந்தக் குறையைக் கருவிதான் ஈடுகட்ட வேண்டும்.

இரண்டாம் வழி, தண்டவாளத்தின் ஓரத்தில் வைக்கும் அகச்சிவப்புக் கருவி. 1950-களிலேயே அமெரிக்காவில் வந்துவிட்டது. சக்கரம் வருவதைத் தண்டவாளத்தில் உள்ள உணர்வி சொல்லும், கருவி மூடியைத் திறந்து கீழிருந்து பேரிங்கைப் பார்க்கும், அதிலிருந்து வரும் வெப்பக் கதிரை அளக்கும். மெயின் லைன் வேகத்திலும் 464-ஐயும் ஒன்று விடாமல் பார்த்துவிடும். மழை, தூக்கம், ஆள் வராதது எதுவும் அதற்கு இல்லை. கூடவே சக்கரத்தையும் அளந்தால் பிரேக் பிடித்துக்கொண்டு ஓடுவதும் தெரிந்துவிடும்.

இதன் குறை, இது பார்ப்பது சூட்டை மட்டும். சூடு என்பது நோயின் கடைசிக் கட்டம். இதற்கு உலகமே பார்த்த உதாரணம் இருக்கிறது. 2023 பிப்ரவரி 3-ஆம் தேதி அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் ஈஸ்ட் பாலஸ்தீன் என்ற ஊரில் 38 வேகன்கள் தடம் புரண்டன. அவற்றில் 11 அபாயகரமான ரசாயனம் ஏற்றிய டேங்கர்கள். காரணம் ஒரே ஒரு பேரிங். அந்தப் பாதையில் கருவி இல்லாமல் இல்லை. வரிசையாக மூன்று இருந்தன. முதல் கருவி, வெளிக்காற்றை விட 21 டிகிரி செல்சியஸ் அதிகம் என்றது. அது சாதாரணச் சூடு. இரண்டாவது 57 டிகிரி அதிகம் என்றது. அந்த ரயில் நிறுவனம் வண்டியை நிறுத்தச் சொல்லும் வரம்பு 94 டிகிரியில் தொடங்கியது, அதனால் வண்டி போய்க்கொண்டே இருந்தது. அடுத்த கருவி சுமார் 30 கிலோமீட்டர் தள்ளி. அங்கே 141 டிகிரி அதிகம். அபாய ஒலி வந்தது, பிரேக் போட்டார்கள், அதற்குள் முறிந்துவிட்டது. 2024-இல் வந்த விசாரணை அறிக்கை இன்னொன்றையும் சொன்னது. கருவி அளந்த வெளிச்சூட்டை விட பேரிங்கின் உள்ளே இருந்த உண்மையான சூடு அதிகம். சுமை விழுவது பேரிங்கின் மேல் பக்கத்தில், கருவி எட்டிப் பார்ப்பது கீழ்ப் பக்கத்தை.

மூன்று அளவையும் தனித்தனியே பார்த்தால் இரண்டாவது வரை தப்பில்லை என்றுதான் தோன்றும். ஆனால் 21, பிறகு 57 என்று சேர்த்துப் பார்த்த யாருக்கும் கை நடுங்கியிருக்கும். அகச்சிவப்புக் கருவி வாங்குகிறவர்கள் அதை விற்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்: ஒரு பேரிங்கின் சூட்டை அதே அச்சின் எதிர்ப்பக்கத்தோடு ஒப்பிடுமா, போன பயணத்தின் அளவோடு ஒப்பிடுமா? ஒரு அச்சின் இரண்டு பக்கமும் சேர்ந்து சூடாக இருந்தால் பெரும்பாலும் பிரேக். ஒரு பக்கம் மட்டும் என்றால் பேரிங். மே மாதம் எண்ணூரில் வெயில் நாற்பதைத் தொடும்போது எல்லாப் பேரிங்கும் சூடாகத்தான் இருக்கும். காலை வெயிலில் வடக்கு தெற்காக நிற்கும் ரேக்கின் கிழக்குப் பக்கம் இன்னும் சூடு. அந்த நேரத்தில் தனி ஒரு எண்ணைப் பார்த்து முடிவெடுக்க முடியாது.

கையில் பிடிக்கும் கன்னுக்கும் இது பொருந்தும். அதோடு, பளபளப்பான உலோகத்தின் மேல் அதை நீட்டினால் குறைத்துக் காட்டும். துரு, அழுக்கு, சாதாரண பெயின்ட் இருந்தால் சரியாகக் காட்டும். அலுமினிய பெயின்ட் அடித்த இடத்தில் நம்பாதீர்கள். எந்த இடத்தில் குறி வைப்பது என்று முடிவு செய்து, 464 பேரிங்கிலும் அதே இடத்தில் வையுங்கள்.

மூன்றாம் வழி, ஒலி. என் ஆசைக்குரியது இதுதான். பாதை ஓரத்தில் வரிசையாக மைக் வைத்து, ஓடும் பேரிங்கின் சத்தத்தைப் பதிவு செய்கிறார்கள். உருளையில் பழுது இருந்தால் ஒரு தாளம், உள்வளையத்தில் இருந்தால் வேறு தாளம், வெளிவளையத்தில் இருந்தால் இன்னொன்று. சக்கரத்தின் விட்டமும் வேகமும் தெரிந்தால் எந்தத் தாளம் எந்தப் பாகத்தினுடையது என்று கணக்குப் போடலாம். கடந்துபோகும் வண்டியின் ஹாரன் சத்தம் மாறுகிறதல்லவா, அந்த மாற்றத்தையும் கழித்துத்தான் கணக்கு. ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் பல வருடமாக ஓடுகிறது. நம் ரயில்வேயும் ஒலியையும் சக்கரம் தண்டவாளத்தில் மோதும் விசையையும் சேர்த்து அளக்கும் கருவிகளைப் பாதை ஓரம் வைத்து வருகிறது. இதன் பெருமை, பேரிங் சூடாவதற்கு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் முன்பே சொல்லிவிடும் என்பது. அவசரமாக நடுவழியில் நிறுத்த வேண்டாம். அடுத்த முறை யார்டுக்கு வரும்போது நிதானமாகச் சக்கரத்தை மாற்றலாம்.

எண்ணூருக்கும் உள்நாட்டு ஆலைக்கும் நடுவே போய்ப் போய் வரும் நிலக்கரி ரேக்குக்கு இது அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி. அதே வேகன் அதே இடத்தைச் சில நாளுக்கு ஒருமுறை கடக்கும். இப்படிச் சுற்றில் ஓடும் ரேக்குகள், முழுப் பரிசோதனை முடிந்து கொடுக்கும் ஒரே பிரேக் பவர் சர்டிஃபிகேட்டில் 7,500 கிலோமீட்டர் வரை ஓட அனுமதி உண்டு. ஒரு முழுப் பரிசோதனைக்கும் அடுத்ததற்கும் நடுவே அத்தனை தூரம் என்றால், நடுவில் யாராவது காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருப்பது எவ்வளவு நல்லது!

ஆனால் ஒலிக்கு வேகம் வேண்டும். சைடிங்கில் வண்டி ஊர்ந்து வரும்போது பழுதுத் தாளம் பலவீனமாக இருக்கும், பிரேக் கட்டையின் கிறீச்சலும் கப்ளிங் இடிக்கும் சத்தமும் மேலே ஏறிவிடும். மெயின் லைனில்தான் வைக்க வேண்டும். அது ரயில்வேயின் நிலம், ரயில்வேயின் முடிவு. அப்புறம், எல்லாப் பழுதும் முன்கூட்டிச் சத்தம் போடாது. சீல் கிழிந்து கிரீஸ் வெளியேறிய பேரிங், சமயத்தில் சத்தமே காட்டாமல் நேராகச் சூட்டுக்குப் போய்விடும். அதனால் ஒலி இருக்கிற பாதையில் அகச்சிவப்பு வேண்டாம் என்று எவராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

நான்காம் வழி, ஒவ்வொரு பேரிங்கிலும் ஒரு சின்ன உணர்வி. சூட்டையும் அதிர்வையும் ரேடியோ அலையில் அனுப்பிக்கொண்டே இருக்கும். தம்பி மகனுக்கு இதன் மேல்தான் கண். போனிலேயே பார்க்கலாம் என்று விற்க வந்தவர் சொல்லியிருக்கிறார். தத்துவத்தில் இதுதான் சிறந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். பாதை ஓரக் கருவி ஒரு இடத்தில் ஒரு கணம் பார்க்கிறது, இது பயணம் முழுக்கப் பார்க்கிறது. ஐரோப்பாவில் மணிக்கு 250 கிலோமீட்டரும் அதற்கு மேலும் ஓடும் ரயில்களில் வண்டியிலேயே கண்காணிப்பு இருக்க வேண்டும் என்று விதியே உண்டு. நம் பெரம்பூர் ஐ.சி.எஃப்.-பில் செய்யும் வந்தே பாரத் மாதிரி ஒன்றாகவே இணைந்து ஓடும் வண்டிகளுக்கு இது சரியான இடம். மின்சாரம் உண்டு, ஒவ்வொரு பயணத்துக்கும் டிப்போவில் ஆள் பார்ப்பார்கள், பெட்டி எங்கும் தனியாகப் போய்விடாது.

நிலக்கரி வேகனின் வாழ்க்கை அப்படி இல்லை. ஆலையில் அதை டிப்ளரில் ஏற்றித் தலைகீழாகக் கவிழ்க்கிறார்கள். ஏற்றும் இடத்தில் கரி மேலிருந்து கொட்டுகிறது. யார்டில் நாள்கணக்கில் நிற்கும்போது கழற்றக் கூடிய எதையும் கழற்றிக்கொண்டு போக ஆள் உண்டு. இரும்பு பிரேக் கட்டையே காணாமல் போகும் இடத்தில் பேட்டரி வைத்த சாமான் எத்தனை நாள் இருக்கும்? பேட்டரி ஐந்து வருடம் வரும் என்றே வைத்துக்கொள்வோம். 464 உணர்விக்கு, சராசரியாக நாலு நாளைக்கு ஒரு பேட்டரி மாற்ற வேண்டும், வருடம் முழுக்க. இன்னொரு சிக்கல், விற்க வந்தவர் இதைச் சொல்லியிருக்க மாட்டார். பழுதான சக்கர ஜோடியை வழியில் ஏதோ டிப்போவில் மாற்றினால் உணர்வியும் அதோடு போய்விடும். திரையில் 23-வது வேகன் என்று காட்டும் பேரிங் அங்கே இருக்காது. வேகனோடு சேர்க்காமல் அச்சின் எண்ணோடு சேர்த்துப் பதிவு வைத்தால்தான் சமாளிக்கலாம், அதற்கு வழியில் உள்ள ஒவ்வொரு டிப்போவும் ஒத்துழைக்க வேண்டும்.

சூடேறினால் நிறம் மாறும் ஸ்டிக்கர் ஒன்றும் காட்டியிருக்கிறார்கள். மலிவுதான். ஒரு சுற்று போய்வந்தால் கரித்தூள் மூடி எல்லாமே கறுப்பாக இருக்கும். அதைப் பற்றி மேலே பேச ஒன்றுமில்லை.

ஆக, அவன் கையில் உள்ள பணத்துக்கு நான் தேர்ந்தெடுப்பது அகச்சிவப்பு. அவன் உடனே, "சைடிங்குக்குள்ள வண்டி நுழையுற இடத்துல வச்சுடலாமா பெரியப்பா?" என்றான். இங்கேதான் அவனை நிறுத்தினேன்.

யோசித்துப் பாருங்கள். எண்ணூருக்கு வரும் ரேக் காலியாக வருகிறது. காலி வேகனில் பேரிங்குக்குச் சுமை மிகக் குறைவு. சுமையோடு ஓடும்போது கொதிக்கும் பேரிங், காலியாக ஓடும்போது வெதுவெதுப்பாக வந்து நிற்கும். போதாததற்கு வியாசர்பாடியில் இருந்து கொருக்குப்பேட்டை வழியாக அத்திப்பட்டு வரும் வரை சிக்னலுக்குச் சிக்னல் நின்று நின்றுதான் சரக்கு வண்டி வரும். இருக்கிற கொஞ்சச் சூடும் ஆறிவிடும். சரி, கரி ஏற்றிக்கொண்டு வெளியே போகும்போது பார்த்தால்? அது இன்னும் மோசம். மணிக்கணக்காக நின்ற வேகன், பேரிங் குளிர்ந்து கிடக்கிறது. ஒரு கிலோமீட்டர் கூட ஓடாத பேரிங்கைப் பார்த்து அகச்சிவப்புக் கருவி எல்லாம் நலம் என்று அச்சடித்துக் கொடுக்கும். அந்தத் தாளை நம்பி வண்டியை அனுப்புவது, பரிசோதிக்காமல் அனுப்புவதை விட ஆபத்து. அதைப் பார்த்ததும் மனிதர்கள் பார்ப்பதை விட்டுவிடுவார்கள்.

அதே ரேக், முழுச் சுமையோடு, முந்நூறு சொச்சம் கிலோமீட்டர் ஓடி, காட்பாடி, ஜோலார்பேட்டை எல்லாம் தாண்டி ஆலையின் சைடிங்கில் நுழைகிறதே, அந்த இடத்தை நினையுங்கள். பேரிங் தன் உண்மையான சூட்டைக் காட்டுவது அங்கேதான். அந்தச் சைடிங்கும் அவன் நிறுவனத்தினுடையதுதான், யாரிடமும் நிலம் கேட்க வேண்டாம். வண்டி மெதுவாக நுழைவது அகச்சிவப்புக்குத் தடை இல்லை, அத்தனை பெரிய இரும்பு சில நிமிடத்தில் ஆறிவிடாது. கரியைக் கவிழ்க்கும் நேரத்துக்குள், எந்த வேகனின் எந்த அச்சு, எந்தப் பக்கம் என்ற பட்டியல் வந்துவிடும். சந்தேகமான வேகனைத் திரும்பும் முன்பே கழற்றி நிறுத்தலாம். கருவியை வாங்குங்கள், ஆனால் எண்ணூரில் வைக்காதீர்கள், அந்தக் கோடியில் வையுங்கள் என்றேன். அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. அலுவலகம் எண்ணூரில், பணம் ஒதுக்கியவர்கள் எண்ணூரில், கருவியைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று விரும்புவார்கள். அவர்களிடம் இதைச் சொல்வது அவனுக்குச் சிரமம் என்று புரிகிறது. ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்.

இதிலும் ஒரு ஓட்டை இருப்பதை மறைக்க மாட்டேன். ஆலை வாசலில் பிடிப்பது அடுத்த பயணத்தைக் காப்பாற்றும். இந்தப் பயணத்தில், நடுவழியில், ஒரே மூச்சில் கெடும் பேரிங்கை அது காப்பாற்றாது. அதற்கு மெயின் லைனில் இடைவெளி குறைவாகக் கருவிகள் இருக்க வேண்டும். ஈஸ்ட் பாலஸ்தீன் விபத்துக்குப் பிறகு அமெரிக்க ரயில் நிறுவனங்கள் முக்கியப் பாதைகளில் சராசரியாக 24 கிலோமீட்டருக்கு ஒன்று என்று வைக்க உறுதி கொடுத்தன. நம் பாதையில் அதை முடிவு செய்ய வேண்டியது ரயில்வே. ஒரு சைடிங்காரர் செய்யக் கூடியது, தன் ஆலை வாசல் அளவுகளை மாதாமாதம் ரயில்வேயோடு பகிர்ந்துகொள்வதும், தன் ரேக் கடக்கும் ஒலிக்கருவியின் பதிவுகளைக் கேட்டு வாங்குவதும். வேகன்களில், ரேடியோ அலையில் வேகன் எண்ணைச் சொல்லும் ஆர்.எஃப்.ஐ.டி. அட்டை ஒட்டி வருகிறார்கள், அதைப் படிக்கும் கருவியும் கூடவே வாங்கினால் எந்த அளவு எந்த வேகனுடையது என்ற குழப்பம் இருக்காது.

வடசென்னையில் இருப்பவர்கள் இதை வேறு யாருடைய கவலையாகவோ நினைக்கக் கூடாது என்பதற்காக ஒன்று சொல்கிறேன். 1979 நவம்பர் 10 இரவு, கனடாவின் மிசிசாகா நகரத்தில் ஒரு சரக்கு ரயிலில் எண்ணெய் வற்றிய பேரிங் ஒன்று காய்ந்து அச்சு முறிந்தது. கவிழ்ந்தவற்றில் ஒரு குளோரின் டேங்கரும் இருந்தது. இரண்டு லட்சத்துக்கும் அதிகமான ஜனங்களை வீட்டை விட்டு வெளியேற்ற வேண்டியிருந்தது. உயிர்ச்சேதம் இல்லாமல் தப்பியது அவர்கள் செய்த புண்ணியம். பாதை ஓரம் இருந்தவர்கள் பலர் அந்த வண்டியில் புகையும் பொறியும் பறந்ததைப் பார்த்திருந்தார்கள். இப்போது தண்டையார்பேட்டையையும் கொருக்குப்பேட்டையையும் நினைத்துப் பாருங்கள். தண்டவாளத்தை ஒட்டி வீடு, வீட்டை ஒட்டி வீடு. எண்ணெய் டேங்க் வேகன்களும் அதே தண்டவாளத்தில்தான் போகின்றன. என் தங்கை வீட்டு மாடியில் துணி காயவைத்தால் அந்தப் பக்கம் வண்டி போகும் காற்றில் ஆடும்.

சரி, அப்படியானால் எண்ணூர் சைடிங்குக்கு ஒன்றுமே வேண்டாமா என்று கேட்டான். வேண்டும். கருவிக்கு ஆகும் செலவில் சிறு பகுதிதான் ஆகும், ஆனால் அதை முதலில் செய்யச் சொன்னேன். வண்டி நுழையும் இடத்தில் இரண்டு பக்கமும் ஆள் நிற்கத் தளம் போட வேண்டும், பேரிங் உயரத்துக்கு விளக்கு வேண்டும். இப்போது அங்கே விளக்கு உயரக் கம்பத்தில் இருக்கிறது, அது வேகனின் மேல் விளிம்பைத்தான் காட்டும், பேரிங் நிழலில் கிடக்கும். இரண்டு டெம்பரேச்சர் கன், இரண்டு ஆள், இரண்டு நோட்டு. பேரிங் எதிர்ப்பக்கத்தை விட 20 டிகிரி அதிகமாக இருந்தால், காலி ரேக் என்பதால், அதை வட்டம் போட்டு அன்றைக்கே ரயில்வேயின் வண்டிப் பரிசோதகரான டி.எக்ஸ்.ஆர். கவனத்துக்குக் கொண்டுபோக வேண்டும். அந்த 20 என்பது என் கைக்கணக்கு. ஆறு மாதம் எழுதி வந்தால் அவர்கள் ரேக்குக்கு உரிய எண் அவர்களுக்கே தெரிந்துவிடும், பிறகு மாற்றிக்கொள்ளட்டும். ஒரு பக்கத்து ஆள் வரவில்லை என்றால் ரேக்கை உள்ளே எடுப்பதற்கு முன் வேறு ஆளைக் கூப்பிட வேண்டும் என்று எழுத்தில் போடச் சொன்னேன்.

போகும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "ஞாயித்துக்கிழமை ரேக் வருது, நீங்களும் வந்து நிக்கிறீங்களா பெரியப்பா?" என்றான். வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். மேற்குப் பக்கம் கருவேலம் புதர் மண்டிக் கிடக்கிறதாம், அதை மட்டும் அதற்குள் வெட்டி வைக்கச் சொன்னேன்.